புகலிடம் தேடியோர்

கலிங்க நாட்டு மாகன் 1215ஆம் ஆண்டிலே பெரும்படையோடு இலங்கையில் வந்திறங்கியபோது, பொலன்னறுவை அரசு முன்னரே உளுத்த மரமாய் நின்றது. முதலாம் பராக்கிரமபாகு 1186இல் மறைந்தான். சிறிது காலத்தின்பின் அரசெய்திய நிசங்கமல்லன் 1196 வரை ஆண்டான். அதன்பின் இருபதாண்டு கழியுமுன் அரியணையில் ஏறியோரும் இறக்கப்பட்டோரும் பலர். இலீலாவதி என்னும் அரசி மும்முறை முடிசூடினாள், மும்முறையும் நீக்கப்பட்டாள். ஆளும் கை இவ்வாறு மாறிக்கொண்டேயிருந்த நாட்டிலே படைத்தலைவர் நினைத்ததே நீதியாயிற்று. மாகன் வந்த காலத்தில் பொலன்னறுவையில் முடிசூடியிருந்தவன் பராக்கிரம பாண்டியன். அவனும் பாண்டிநாட்டிலிருந்து வந்து அரசைக் கைப்பற்றியவனே. அவனைப் பிடித்துக் கண்களைப் பறித்தனர் என்றும், மாகனுடன் வந்த வீரர் 24,000 பேர் என்றும், அவர் பெரும்பாலும் கேரளரும் தமிழருமே என்றும் சூளவமிசம் கூறும்.

அந்நூல் மாகனைப் பற்றிக் கூறுவன யாவும் கொடியன. விகாரைகள் இடிக்கப்பட்டன, ஏடுகள் அறுத்தெறியப்பட்டன, செல்வர் வதைக்கப்பட்டனர் என்று அது அடுக்கிச் செல்லும். எழுதியோர் பிக்குகள் என்பதையும், தம் மடங்களையும் மானியங்களையும் இழந்தவர்கள் அவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கீழ்மாகாணத்து வழக்கு வேறு. மட்டக்களப்பு மான்மியத்திலே மாகோன் என்னும் பெயருடன் தோன்றும் அவன், கோயில்களைப் பேணி ஆட்சிமுறை வகுத்த வேந்தனாகப் போற்றப்படுகிறான். இவ்விரு சித்திரங்களையும் ஒன்றாக்கிவிட முயல்வது வீண்வேலை. எனினும் ஒரு செய்தி இருதரப்புக்கும் பொது. மாகன் பொலன்னறுவையிலிருந்து 21 ஆண்டு ஆண்டான். அந்தக் காலத்திலே இராசரட்டையை விட்டு மக்கள் பெயரத் தொடங்கினர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் நடுவாகக் கொண்டு தழைத்த குளநாடு, மீண்டும் அந்த நிலையை அடையவேயில்லை.

அவ்வாறு பெயர்ந்தவர்கள் எங்கே போனார்கள், இடம் தெரியும்போது எதை எதிர்பார்த்தார்கள், எதிர்பார்த்தது கைகூடிற்றா என்பன வரலாற்று நூல்களிலே சிதறிக் கிடக்கும் செய்திகள். அவற்றைக் கூட்டிப் பார்ப்பது பயனுடையது.

முதலிலே பெயர் கூறப்படுவோர் மூவர். சுபன் என்னும் சேனாபதி யாப்பகூவாக் குன்றின்மேல் நகர் அமைத்தான். சுபபர்வதம் என்று நூல்கள் குறிப்பிடுவது அதனையே. புவனேகபாகு என்னும் தலைவன் தென்கிழக்கே உருகுணையிலுள்ள கோவிந்தமலையில் ஏறி அமர்ந்தான். இன்று அம்பாறை மாவட்டத்திலே காட்டின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் அம்மலைக்கு, ஆங்கிலேயர் தம் நாட்டுப் பேராலயமொன்றின் வடிவை அதிற் கண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் அபே என்று பெயரிட்டனர். மூன்றாமவன் சங்கன் என்னும் சேனாபதி. மகாவலி கங்கை மலையை விட்டுச் சமநிலத்தில் இறங்கும் மினிப்பேப் பகுதியில், கங்காதோணி என்னும் மலையருகே, அவன் நகர் கண்டான் என்பர். மாகனுடைய படை இரண்டு யோசனைத் தொலைவிலே இருந்தும் சங்கன் அதனைப் புல்லாகவும் மதிக்கவில்லை என்று சூளவமிசம் பெருமையோடு எழுதுகிறது.

மூவரும் மலையையே நாடினர் என்பது முதலிற் கண்ணிற் படுவது. ஏறுவதற்கு ஒரே வழி. அந்த வழியை ஐம்பது பேர் காக்கலாம். கீழே வருபவனை மேலிருந்து நாள் முழுதும் பார்க்கலாம். வாளுக்கு அஞ்சுபவன் கண்ணுக்கு இதனினும் மேலான இடம் தோன்றுமா? இலங்கையில் இந்த எண்ணம் புதிதன்று. எழுநூறு ஆண்டுக்கு முன்னர், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், தந்தையைக் கொன்ற பழிக்கும் தம்பி முகலனின் பகைக்கும் அஞ்சிச் சிகிரியாவிலே 600 அடி உயரப் பாறையின்மேல் மாளிகை கட்டினான். முகலன் இந்தியாவிலிருந்து படையோடு மீண்டபோது காசியப்பன் பாறையிலே தங்கியிருக்கவில்லை. இறங்கிவந்து வெளியிலே பொருதான். சேற்றுநிலத்தைக் கண்டு அவன் ஏறியிருந்த யானை திரும்ப, அரசன் ஓடுகிறான் என்றெண்ணிப் படை கலைந்தது. அவன் தன் கழுத்தைத் தானே அரிந்து மாண்டான். அவ்வளவு பொருள் செலவிட்டு அமைத்த அரண், வேண்டிய நாளிலே பயன்படுத்தப்படவேயில்லை.

அரண் என்றால் யாது என்பதை வள்ளுவர் ஓர் அதிகாரத்திலே வகுத்துச் சொல்கிறார். நீரும் வெளிநிலமும் மலையும் காடும் ஆகிய நான்கும் சேர்ந்ததே அவர் கருத்திலே அரண். உள்ளிருப்போர்க்கு வேண்டும் உணவு நிறைந்திருத்தலையும் அவர் அரணின் இலக்கணமாகவே கூறுகிறார். மேற்கூறிய மூன்று தலைவருள் சங்கன் ஒருவனுக்கே இந்த நான்கும் ஏறக்குறைய ஒருங்கே வாய்த்தன எனலாம். மினிப்பேயிலே பின்னால் மலைத்தொடர். பக்கத்திலே வற்றாத மகாவலி. ஆற்றை மறித்துக் கட்டிய பழைய அணையும் அதினின்று ஓடும் கால்வாயும். கால்வாயின் கீழ் வயல். யாப்பகூவாவின் குறையோ பிறகே வெளிப்பட்டது.

தலைவர் மலைகளை நாட, பிக்குகள் வேறொரு வழியை நாடினர். அவர்களிடம் காக்கவேண்டிய பொருள் இரண்டு இருந்தன: புத்தரின் தந்தம், அவருடைய பிச்சாபாத்திரம். இவற்றை உடையவனே அரசன் என்று நாடு நம்பியதால், இவை பகைவன் கையிற் சேர்வது நாடே சேர்வதற்குச் சமம். வாசிச்சரர் என்னும் தேரரும் அவரைச் சார்ந்தோரும் அவற்றை எடுத்துக்கொண்டு மாயரட்டை புகுந்து, கொத்மலைப் பகுதியிலே நிலத்தைத் தோண்டிப் புதைத்துவைத்தனர். அங்கே கோட்டையில்லை, மதிலில்லை, காவற்படையுமில்லை. அடுக்கடுக்கான மலைகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கு. அதனைத் தேடி ஒரு படை வரவேண்டிய காரணமேயில்லை. வாள்வலியாற் காக்க முடியாததை அவர்கள் மறைவினாற் காத்தனர்.

புதைத்தபின் அத்தேரர் சென்ற திசை சிந்திக்கத்தக்கது. கடல் கடந்து பாண்டிநாட்டுக்கும் சோழநாட்டுக்குமே அவர்கள் போயினர். தமிழ்ப் படைகளால் விகாரைகள் அழிந்தன என்று எழுதிய அதே நூல், விகாரையை இழந்தோர் தமிழ்நாட்டிலே புகலிடம் பெற்றதையும் எழுதுகிறது. இந்தப் போரை இரண்டு இனங்களின் போர் என்று பிற்காலத்தார் கொண்ட எளிய கருத்துக்கு இச்செய்தி இடந்தருவதாயில்லை. அக்காலத்துப் படைகள் கூலிக்குப் பொருதன. மடங்களோ கடலுக்கு இருபுறமும் உறவு பூண்டிருந்தன.

தென்மேற்கிலே ஒளித்திருந்தவருள் ஒருவன் விசயபாகு. பகைவர்க்கு அஞ்சிக் காட்டிலே நெடுங்காலம் திரிந்து, பின்னர் வன்னியரசருள் ஒருவனாகி, மற்றை வன்னித் தலைவரையும் தன்கீழ்ப் படுத்தியவன். மூன்றாம் விசயபாகு என்று 1232 முதல் 1236 வரை அரசு செய்த இவன், தம்பதெனியாவைத் தலைநகராக்கினான். கொத்மலையிலிருந்து புனிதப் பொருள்களை வெளிக்கொணர்ந்து பெலிகலைக் குன்றிலே வைத்தான். கடல் கடந்து சென்ற தேரரையும் திரும்ப அழைத்தான். தம்பதெனியாவும் ஒரு குன்றின் அடியிலே அமைந்ததே. ஆயின் அக்குன்றைச் சூழ்ந்து மழை தவறாத மண்ணும் வளைந்தோடும் நீரோடைகளும் உண்டு. அவன் மகன் இரண்டாம் பராக்கிரமபாகு அங்கிருந்தே 1236 முதல் 1270 வரை ஆண்டான்.

யாப்பகூவாவின் கதை இவையெல்லாவற்றினும் தெளிவான பாடம் தருவது. சுற்றியுள்ள சமநிலத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி எழும் பாறை; தெற்குப் புறத்திலே அகழியும் மதிலும்; மேலே ஏறுவதற்குச் செங்குத்தான படிக்கட்டு. மலாயாத் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து வந்த சந்திரபானு, 1247இல் முதன்முறையும் 1262 அளவில் மறுமுறையும் இலங்கைமீது படையெடுத்தான். மறுமுறை வந்தபோது பாண்டி சோழ நாட்டு வீரரைச் சேர்த்துக்கொண்டு மாந்தையில் இறங்கி, புனித தந்தத்தைக் கேட்டு யாப்பகூவாவரை வந்து பாசறை அமைத்தான். அங்கே தோற்றான். குன்று காத்தது.

பின்னர் முதலாம் புவனேகபாகு யாப்பகூவாவையே தன் தலைநகராக்கி 1284 வரை ஆண்டான். அவன் கட்டிய படிக்கட்டின் சிங்கங்களையும் சிற்பங்களையும் இன்றும் காணலாம். அங்கே தோண்டியபோது சீனத்துப் பாண்டங்களும் நாணயங்களும் கிடைத்தன. 1283இல் அவன் அனுப்பிய தூதர் கெய்ரோவிலே எகிப்துச் சுல்தான் கலாவூனின் அவையை அடைந்து வணிகம் பேசினர். ஒளிந்து வாழ்பவனுடைய நடையன்று இது. அடுத்த ஆண்டளவிலே நாட்டிலே பஞ்சம் தோன்றிற்று. அந்த நேரம் பார்த்துப் பாண்டிநாட்டிலிருந்து ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையிலே வந்த படை, குன்றைக் கைப்பற்றித் தந்தத்தையும் எடுத்துச் சென்றது. பாறையும் அகழியும் மதிலும் இருபதாண்டுக்கு முன் இருந்தவையே. படை வேறு, தலைவர் வேறு என்பது உண்மையாயினும், சூளவமிச ஆசிரியர் இவ்வீழ்ச்சியைக் கூறத் தொடங்கும்போது முதலிற் பஞ்சத்தைக் கூறுகிறார். அவர் ஒழுங்கு கருதத்தக்கது. வெறும் வயிற்றோடு மதிலைக் காப்பது எவர்க்கும் அரிது.

தந்தத்தை மீட்க வாளால் இயலவில்லை. மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியன் அவைக்குச் சென்று, பணிந்து கேட்டுப் பெற்று மீண்டான். அவன் மீண்டும் பொலன்னறுவையிலிருந்து ஆள முயன்றான். அந்நகரிலிருந்து ஆண்ட கடைசி அரசன் அவனே.

இதுகாறும் கூறியன அரசரும் தளபதியரும் துறவியரும் தேர்ந்த இடங்கள். பெயரில்லாக் கமக்காரன் எங்கே போனான்? நாட்டின் சிதைவு அவனை எவ்வாறு தாக்கிற்று என்பதை அறியக் குளங்களின் அமைப்பை அறிதல் வேண்டும்.

இராசரட்டையிலே மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையுமே. எஞ்சிய மாதங்கள் வறட்சி. ஆகவே பெய்த நீரைத் தேக்கிவைத்தலே வாழ்வாயிற்று. முதலாம் பராக்கிரமபாகு கட்டியனவும் திருத்தியனவுமாக 163 பெருங்குளங்களும் 2,376 சிறுகுளங்களும் 3,910 கால்வாய்களும் 165 அணைகளும் கூறப்படுகின்றன. தொகையைப் புகழ்ச்சியென்று சற்றுக் குறைத்தாலும், பெருங்குளம், சிறுகுளம் என்ற வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். பராக்கிரம சமுத்திரத்துக்கு நீர் வந்தது அம்பன் கங்கையிலிருந்து, அங்கமெடில்லைக் கால்வாய் வழியாக. அதே ஆற்றை எலகெரையிலே மறித்து எடுத்த கால்வாய் மின்னேரிக்கும் அப்பாற் கந்தளாய்க்கும் நீர் கொண்டு சென்றது. இத்தகைய கால்வாய் பல மைல் நீளமானது. அதன் கரை ஓரிடத்திலே உடைந்தாற் கடைசியிலுள்ள குளம் வரை வற்றும். உடைந்த இடத்தவனுக்கும் வற்றிய இடத்தவனுக்கும் முகமறிமுகமே இராது. அந்தக் கரையைக் கட்ட ஆயிரம் பேரைத் திரட்ட, அவர்க்குச் சோறிட, மழைக்குமுன் வேலை முடிக்க அரசன் ஒருவன் வேண்டும். அவன் சொற்கேட்கும் அதிகாரிகளும் வேண்டும். அந்த அதிகாரிகளே கொல்லப்பட்டும் ஓடியும் போனபின் யார் திரட்டுவார்? மாகனும் தன் படைகளைக் கந்தளாய், பதவியா, குருந்தி முதலிய குளநாடுகளிலும், மாந்தை, மன்னார் முதலிய துறைகளிலும், வலிகாமத்திலும் நிறுத்தினான். விளைவையும் வரியையும் கைக்கொள்ளப் படை போதும். கால்வாயைத் தூர்வாரப் படையாற் பயனில்லை.

சிறுகுளத்தின் இயல்பு வேறு. ஒரு தாழ்வின் குறுக்கே மண்ணால் எழுப்பிய அலைகரை. மிகைநீர் வழிய ஒரு வான். வயலுக்கு நீர்விட ஒரு துருசு. தன் தாழ்விலே பெய்யும் மழையே அதற்குப் போதும். அலைகரை உடைந்தால் ஊரார் இருபது முப்பது பேர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு கோடை முடியுமுன் கட்டிவிடுவர். நீர் குறைந்த ஆண்டிலே வயலில் ஒரு பங்கை மட்டும் விதைப்பர். எஞ்சியதைச் சேனையிலே குரக்கன் விதைத்து ஈடுசெய்வர். குரக்கன் மழையை நம்பியே விளைவது. குதிரிலே பல ஆண்டு கெடாது கிடப்பது. இங்கே அரசன் இல்லாமையாற் கேடு வருவது உண்டு, உயிர் போவதில்லை. பிரித்தானிய மானிடவியலறிஞர் எட்மண்ட் லீச், 1954இல் நுவரகலாவியாவிலுள்ள புல் எலியா என்னும் ஊரிலே தங்கி ஆராய்ந்தவர், 1959இல் எழுதிய கட்டுரையிலே இதனை வற்புறுத்தினார். மேலே பேரரசுகள் எழுந்தும் வீழ்ந்தும் போக, ஊர்க்குளமும் அதன் வயலும் தம் வழியிலே நடக்கக்கூடியன என்பது அவர் முடிபு. பெருங்குளங்கள் கோயிலும் அரண்மனையும் பொலிய உதவின. ஊரைக் காத்தது ஊர்க்குளம்.

ஆதலால் இராசரட்டை முழுதும் ஒருநாளிலே வெறுமையாயிற்று என்று எண்ணுதல் தவறு. பெருநகர்கள் காடாயின. பெருங்குளத்துக்குக் கீழே வாழ்ந்தோர் பெரும்பாலும் பெயர்ந்தனர். சிறுகுளத்துக்குக் கீழே இருந்தோருட் பலர் அங்கேயே இருந்தனர். வன்னி என்னும் பெயர் வரலாற்றிலே ஓங்குவது இக்காலத்திலே என்பது தற்செயலன்று. வடக்கே யாழ்ப்பாண அரசுக்கும் தெற்கே சிங்கள அரசுகளுக்கும் இடையே, காட்டையும் குளத்தையும் துணையாகக் கொண்டு தமிழ் வன்னியரும் சிங்கள வன்னியரும் தத்தம் பற்றுகளை ஆண்டனர். வலிமையுடைய அரசுக்குத் திறை கொடுத்தும், அது தளர்ந்தபோது கொடாதும் அவர்கள் காலங்கழித்தனர். கனகராயன்குளம், பாவற்குளம், வவுனிக்குளம் என அந்நாட்டு இடப்பெயர்கள் குளம் என்றே முடிதலை யாவரும் அறிவர். ஊரும் குளமும் அங்கே ஒரே சொல்.

தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்தோர் கண்டது வேறு உலகம். அங்கே மழைக்குக் குறைவில்லை, குளம் வேண்டியதேயில்லை. ஆயின் அகன்ற வயலும் இல்லை. மலைகளுக்கிடையிலுள்ள ஒடுங்கிய பள்ளங்களிலே சிறிது நெல். வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, கித்துள், கிழங்கு, வாழை. நெல் ஒன்றையே நம்பியிருந்தவன் பத்துப் பொருள்களை நம்பப் பழகினான். ஒரு பலாமரம் காய்க்கும் பருவத்திலே ஒரு குடும்பத்தின் பசியைப் பெரிதும் ஆற்றும். அதற்கு அலைகரை கட்டவேண்டியதில்லை. இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன், பெந்தோட்டையிலிருந்து களுகங்கை வரையும் பெரிய தென்னந்தோப்பு ஒன்றை நாட்டுவித்தான் என்று சூளவமிசம் குறிக்கிறது. போரும் படையும் நிறைந்த அந்நூற் பக்கங்களிலே தென்னந்தோப்பு ஒன்று இடம்பெறுவது வியப்பாகத் தோன்றலாம். புதிய இடத்திலே வேரூன்ற வேண்டிய ஒரு சமுதாயத்துக்கு அஃது அரண்மனையிலும் பெரிய செய்தி.

பெயர்ச்சியின் காரணத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. படையெடுப்பு, உள்நாட்டுப் போர், அதிகாரிகள் அழிந்தமை, மண்ணின் தளர்ச்சி, கடல் வணிகத்தின் கவர்ச்சி, மலேரியா எனப் பல கூறப்பட்டுள்ளன. 1971இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தொகுத்த நூலிலே இக்கருத்துக்கள் நிறுத்துப் பார்க்கப்பட்டன. மலேரியாவைப் பற்றி ஒரு சொல். உடைந்த குளத்தின் தேங்குநீரிலும் ஓட்டம் நின்ற ஆற்றுக் குட்டைகளிலும் அந்நோயைப் பரப்பும் நுளம்பு பெருகும். எனவே கேடு ஒன்று மற்றொன்றை வளர்த்திருக்கலாம். எனினும் தென்மேற்குக்குப் போனவன் அதினின்று முழுதும் தப்பினான் என்று கூறமுடியாது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலே மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானபோது மலேரியா மிகக் கொடுமையாகத் தாக்கியது கேகாலை, குருநாகல் மாவட்டங்களையே. பெலிகலையும் தம்பதெனியாவும் யாப்பகூவாவும் உள்ள நாடு அதுவே.

யாப்பகூவாவின்பின் அரசு நிலைகொள்ளாது அலைந்தது. குருநாகலிலே யானைமலையின் அடியிலும், 1341இன் பின் கம்பளையிலே மகாவலிக் கரையிலும், 1415இன் பின் சதுப்புநிலம் சூழ்ந்த கோட்டையிலும் அது தங்கிற்று. பகைவன் எட்டுந்தோறும் எழுந்து போதல் என்ற இந்த வழக்கம் இருநூறு ஆண்டு நீடித்தது. கோட்டை நகரைத் தொடங்கியவன் அழகக்கோன் என்னும் அமைச்சன். யாழ்ப்பாணத்துப் படையைத் தடுக்கவே அந்தச் சதுப்பை அவன் தெரிந்தான். தடுத்தான். போர்த்துக்கேயர் கப்பலோடு கொழும்புக்கு வந்தபின், கடலுக்கு அத்தனை அண்மையிலுள்ள இடம் அரணாயிருக்க முடியவில்லை.

பெருமலைகளுக்குள்ளே அரசு புகுந்து கண்டியில் அமர்ந்தது கடைசி நிலை. அந்நகரின் காவலைப் பற்றி, 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய றொபேட் நொக்ஸ் தம் நூலிலே விரித்தெழுதினார். ஒருவர்பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், அவற்றின் குறுக்கே முட்கதவுகள், அக்கதவுகளிலே காவலர். 1664இல் தன் குடிகளே கிளர்ந்தெழுந்தபின், இரண்டாம் இராசசிங்கன் அங்குரன்கெத்தைக்குப் போய்விட்டான். பாதுகாப்பான ஊரிலும் அரசனுக்குத் தன் ஊராரிடமிருந்து பாதுகாப்பு வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் கண்டி நகரைப் பலமுறை பிடித்து எரித்தனர்; ஒல்லாந்தர் 1765இல் பிடித்தனர்; ஆங்கிலேயர் 1803இல் பிடித்தனர். பிடித்தவர் கண்டது வெற்று நகர். மக்கள் காட்டுக்குள்ளும் எட்டாத ஊர்களுக்குள்ளும் மறைந்திருந்தனர். பிடித்தவர் உணவின்றியும் காய்ச்சலாலும் நலிந்து திரும்புகையில் பாதை முழுதும் தாக்கப்பட்டனர். 1803இல் அங்கே விடப்பட்ட ஆங்கிலக் காவற்படை அழிந்தது. யாப்பகூவாவிலே குன்றைப் பிடித்தவன் அரசைப் பிடித்தான். கண்டியிலே நகரைப் பிடித்தவன் எதையும் பிடிக்கவில்லை.

1815இல் கண்டி விழுந்தது. மலையும் காடும் அப்போதும் இருந்தன. பிரதானிகள் அரசனைக் கைவிட்டிருந்தனர். வெற்றி பெற்றோர் 1820களிலே செய்த முதற் பெருவேலை கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டது. கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்து அவர்கள் வழி திறந்தனர். வழியின்மையே அந்நாட்டின் மதில் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

தேரர்கள் தந்தத்தைப் புதைத்த கொத்மலைப் பகுதி இன்று மறைவிடமன்று. மகாவலித் திட்டத்திலே கொத்மலை ஓயாவை மறித்து 1985இல் முடித்த அணை, அங்குள்ள பள்ளத்தாக்கின் ஊர்களையும் வயல்களையும் நீரிலே ஆழ்த்திற்று. நீர் மிகத் தாழும் காலங்களிலே கடதொரை விகாரையின் எச்சங்கள் வெளியே தெரியும். அந்நீர் மகாவலியிற் சேர்ந்து கீழே பொல்கொல்லைக்கு வருகிறது. அங்கே 1976 முதல் அதில் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கே திருப்பப்பட்டு, அம்பன் கங்கை வழியாக மின்னேரிக்கும் பராக்கிரம சமுத்திரத்துக்கும் பாய்கிறது.